இடது கன்னம்

அந்த முடியைக் கடைக்காரர் ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி எடுத்து வந்திருந்தார். நகக்கண் அளவுகூட இருக்காது. நுனி கறுப்பு, அடி நரை, லேசாகச் சுருண்டிருந்தது. தலைமுடி இல்லை, தாடிமுடி என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அதன்மேல் கொஞ்சம் கிரீம் ஒட்டிக் காய்ந்து போயிருந்தது.

"உங்க பன்ல இருந்ததுதான். கடிச்சது ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு. என் கடை வாசல்லயே வாந்தி எடுத்துருச்சு. நான்தான் கழுவி விட்டேன்" என்றார்.

பேக்கரி முதலாளி தாளை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற கிரீம்காரனிடம் நீட்டினார்.

கிரீம்காரன் என்றுதான் அவனை அங்கே எல்லோரும் கூப்பிடுவார்கள். பெரிய தொட்டியில் கிரீம் அடித்து, பன்னின் வயிற்றைக் கீறி, துணிப்பையைப் பிதுக்கி அதை நிரப்புவது அவன் வேலை. சுத்தக்காரன். அடுத்தவர் குடித்த டம்ளரைக் கழுவினால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். அவனுக்கு ஒரு நரைமுடி கிடையாது என்பதால் பழி அவன்மேல் விழவில்லை. ஆனாலும் அந்தத் தாளை ஓரத்தை மட்டும் நகநுனியால் பிடித்துத்தான் வாங்கினான். எத்தனை பேர் பார்க்காமல் விழுங்கியிருப்பார்கள் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது.

முடி யாருடையது என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"நாளையிலிருந்து கூடத்துக்குள்ள வர்ற எந்த ஆம்பள மூஞ்சியிலயும் ஒரு முடி இருக்கக் கூடாது. மீசையும் சேத்துத்தான் சொல்றேன்." மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "நீ வாசல்ல நின்னு பாக்கணும். கண்ணால பாத்தா ஏமாத்திருவானுங்க. தடவிப் பாரு."

மேற்பார்வையாளருக்கு அங்கே இஸ்திரி என்று பெயர். சட்டை மடிப்புக் கலையாது. உட்காரும்போது முழங்கால் பக்கம் துணியை இழுத்துவிட்டுக்கொண்டுதான் உட்காருவார். வெளியே இருந்து பார்த்தால் அவரைப் போலச் சுத்தமான ஆள் இல்லை. ஆனால் வலதுகைச் சுண்டுவிரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தார். அந்த நகத்தால் காது குடைவார். குடைந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பேன்ட்டில் துடைக்க மனசு வராமல் சுவரில் துடைப்பார். காலையில் கிரீம் தொட்டியில் இனிப்புப் பார்ப்பதும் அதே விரலால்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிரீம்காரன் ஒரு கரண்டியை நீட்டிப் பார்த்தான். "கரண்டியில என்னய்யா ருசி தெரியும்" என்று அவர் விரலையே விட்டு எடுத்து நக்கினார். அவர் நகர்ந்ததும் விரல் பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கை கிரீமை வழித்துக் குப்பையில் போடுவது அவன் வழக்கமாயிற்று. வேலை நெருக்கடியான நாட்களில் அதற்கும் நேரம் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கலக்கிவிடுவான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சவரம்தான் பேச்சு. கிரீம்காரனின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அதே பேக்கரியில் அடுப்புக்காரர். தனியாள். பக்கத்து அறையில் குடியிருந்தார், தங்கை வீட்டில் சாப்பிட்டார். மச்சானும் மாப்பிள்ளையும் எதிலும் ஒத்துப்போனதில்லை. சவரத்தில் சுத்தமாக ஒத்துப்போகவில்லை. மச்சானுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டும். கிரீம்காரன் குழாயில் வரும் பச்சைத்தண்ணீரிலேயே முடித்துவிடுவான்.

"பச்சத்தண்ணியில சவரம் பண்றவன்லாம் எப்படித்தான் உயிரோட இருக்கானோ தெரியல" என்றார் மச்சான். "முடி வெறச்சுக்கிட்டு நிக்கும் மாப்பிள்ள. பிளேடு அறுக்காது, புடுங்கும்."

"வெந்நி ஊத்தி முடி எடுக்கறது கோழிக்கு மச்சான். மனுஷனுக்கு இல்ல. தோலு ஊறி ஓட்டையெல்லாம் வாயத் தொறந்துக்கும். அப்புறம் ரோட்டுல இருக்கற அழுக்கு பூரா உள்ள போயி உக்காந்துக்கும்."

"உனக்கு வாயே போதும். அதுலயே முடி உதிந்துரும்."

"ரெண்டு பேரும் சாப்பிடும்போது முடியப் பத்திப் பேசாதீங்க" என்றாள் மனைவி. "அண்ணா, நீ நேத்து சவரம் பண்ணிட்டு அந்தச் செம்ப அடுப்பு மேடையிலயே வச்சுட்டுப் போயிட்ட. நான் பாக்காம அதுல தண்ணி மோந்துட்டேன். சாம்பக் கலர்ல நுரை, விளிம்பு பூரா பொடிப்பொடியா முடி. அந்தச் செம்பத் தூக்கிப் போட்டுட்டேன்."

கிரீம்காரன் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் பேக்கரி வாசலில் ஆண்கள் வரிசையில் நின்றார்கள். மீசை போன முகங்கள் தோலுரித்த கிழங்கு மாதிரி இருந்தன. பன் கட்டும் பெண்கள் உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இஸ்திரி எதிரில் நின்று, விரல்களின் முதுகுப்புறத்தைத் தாடையில் வைத்து, முடி வளரும் திசைக்கு எதிராக மேலே ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு அதே விரல்களை மோவாய்க்கு அடியில் விட்டு ஒரு துழாவு. "ம்" என்றால் உள்ளே போகலாம்.

கிரீம்காரனுக்கு அந்தத் தொடுகை பிடிக்கவே இல்லை. முன்னால் நின்ற காவலாளியின் வியர்வை அந்த விரல்களில் ஈரமாக இருந்தது. அதற்கு முன்னால் நின்றவனுக்கு ஜலதோஷம், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லார் கன்னத்தையும் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது அவனுக்கு. உள்ளே போனதும் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினான். அதற்கடுத்த நாள் வரிசையில் முதல் ஆளாக நிற்பதற்காக ஓட்டமும் நடையுமாக வந்தான். வந்து பார்த்தால் மச்சான் அவனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தொடுகையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, அடுப்புப் பற்றவைக்கச் சீக்கிரம் வந்திருந்தார்.

இப்படிச் சில வாரம் போயிற்று. இடையில் ஒரு நாள் இஸ்திரியின் சுண்டுவிரலில் ஒரு பிளாஸ்திரி ஏறியது. "கதவுல நசுங்கிருச்சு" என்றார் அவர், யாரும் கேட்காமலே. பிளாஸ்திரியின் ஓரம் நாளாக ஆக மாவும் அழுக்கும் ஏறிக் கறுத்து, நத்தையின் வயிறு மாதிரி சுருண்டது. அவர் அதை மாற்றியதாகத் தெரியவில்லை. தாடையில் அது உரசும்போது கிரீம்காரன் மூச்சைப் பிடித்துக்கொள்வான்.

முதல் கொப்புளம் மச்சானுக்குத்தான் வந்தது. தாடையில் சின்னதாக ஒன்று, பிறகு அதைச் சுற்றி ஐந்தாறு. ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சளாக ஒரு முத்து. சவரம் பண்ணும்போது அவை வெட்டுப்பட்டு ஒழுகி, ஒழுகியது தேன் காய்ந்த மாதிரி பொருக்குக் கட்டியது. பொருக்குக்குக் கீழே மறுபடி சீழ் கோத்தது.

கிரீம்காரனுக்கு உள்ளூரச் சின்னச் சந்தோஷம். "நான் அன்னைக்கே சொன்னேன் மச்சான். வெந்நி. ஓட்டை தொறந்துச்சு, அழுக்கு உள்ள போச்சு."

நாலு நாள் கழித்து அவன் கன்னத்திலும் வந்தது.

"இப்ப எந்த ஓட்டை மாப்பிள்ள தொறந்துச்சு?" என்று மச்சான் நிதானமாகக் கேட்டார். "முடியப் புடுங்குனா தோலு புண்ணாகத்தான் செய்யும்."

அதற்குப் பிறகு பேக்கரியில் பாதி ஆண்களுக்கு வந்துவிட்டது. கூடமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வெந்நீர்க்காரர்கள் பச்சைத்தண்ணீரைத் திட்டினார்கள், பச்சைத்தண்ணீர்க்காரர்கள் வெந்நீரைத் திட்டினார்கள். காவலாளி மட்டும் ஐஸ் கட்டியைத் தேய்த்துச் சவரம் பண்ணிப் பார்த்து, புண்ணோடு சளியையும் சேர்த்து வாங்கிக்கொண்டான். டீ குடிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் குடித்தார்கள். அவரவர் புண் அவரவருக்குப் பழகிவிட்டது, அடுத்தவன் புண்தான் குமட்டியது.

வீட்டில் மனைவி அவனுக்குத் தனித் துண்டு, தனிச் சோப்பு என்று ஒதுக்கி வைத்தாள். காலையில் எழுந்தால் தலையணை உறை கன்னத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்தெடுக்கும்போது வரும் சத்தம் அவனுக்கே கூசும். உறையில் மஞ்சள் வட்டங்கள், நடுவில் ஒரு ரத்தப்பொட்டு. மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வாளியில் போடுவாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவன் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டான்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த மகள் ஒரு நாள் அவனை உற்றுப் பார்த்தாள். "அப்பா, உன் கன்னத்துல பன் இருக்கு."

"என்ன பன்னு?"

"கிரீம் பன்னு. அமுக்குனா கிரீம் வருது."

மனைவி குழந்தையை இழுத்துக்கொண்டு போனாள். கிரீம்காரன் வேலைக்குப் போய்த் துணிப்பையை எடுத்து முதல் பன்னில் செருகினான். பையை அமுக்கியதும் கிரீம் மெதுவாகப் பிதுங்கி வெளியே எட்டிப் பார்த்தது. வெளேரென்று, கொழகொழவென்று, நுனியில் ஒரு சொட்டு. அவன் பையை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தான். அன்றைக்கு முழுவதும் பையைப் பார்க்காமல், பன் கனம் ஏறுவதைக் கையால் உணர்ந்துகொண்டே நிரப்பினான்.

விடுமுறை நாளன்று சண்டை முற்றிவிட்டது. மச்சான் வெந்நீர்ச் செம்போடு சமையலறைக்குள் வந்தார். கிரீம்காரன் ஏதோ சொன்னான். அவர் அவன் தோலைப் பற்றி ஏதோ சொன்னார். அவன் அவருடைய அறையின் நாற்றத்தைப் பற்றிச் சொன்னான்.

"நிறுத்துங்க" என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் இங்க உக்காருங்க. இன்னைக்கே இதுக்கு ஒரு முடிவு கட்டிடுவோம்."

இரண்டு ஸ்டூலைப் பின்கட்டில் போட்டாள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர், ஒரு பாத்திரத்தில் பச்சைத்தண்ணீர். ஆளுக்கொரு புதுப் பிளேடு.

"அண்ணா, நீ இடது பக்கம் வெந்நியில, வலது பக்கம் பச்சத்தண்ணியில பண்ணு. ஏங்க, நீங்க அப்படியே மாத்திப் பண்ணுங்க. ஒரு வாரம் இப்படியே பண்ணுங்க. எந்தப் பக்கம் மோசமாகுதுன்னு நான் பாக்கறேன். பாத்துச் சொல்றதக் கேட்டுக்கிட்டு ரெண்டு பேரும் வாய மூடிக்கணும்."

"இவ நீதிபதியா?" என்றார் மச்சான்.

"உறையத் தொவைக்கிறவ நான்தான். வேற யாரு?"

இருவரும் மூக்குக்கு நேராகக் கோடு கிழித்த மாதிரி பாதிப்பாதியாகச் சவரம் பண்ணிக்கொண்டார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. பொருக்கு பிளேடில் மாட்டி உரிந்து வந்தது. நுரை வெள்ளையாக ஆரம்பித்து ரோஸாகி, பிறகு ஒரு மாதிரி ஊறுகாய் நிறமாகத் தண்ணீரில் விழுந்தது. மச்சான் பிளேடைத் தண்ணீரில் ஆட்டியபோது தோல்துணுக்கு ஒன்று முடியோடு மிதந்தது. கிரீம்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியை மட்டும் பார்த்தான். கண்ணாடியில் இருந்ததும் ஒன்றும் பிரமாதம் இல்லை. மகள் கதவருகில் நின்று எட்டிப் பார்க்க, அவளை மனைவி இரண்டு முறை விரட்டினாள்.

ஒரு வாரமும் மனைவி தினம் சாயங்காலம் இருவரையும் உட்கார வைத்து, குச்சியில் பஞ்சு சுற்றிக் களிம்பு தடவினாள். அவளுக்கும் அருவருப்புத்தான். மூக்கை முந்தானையால் மூடிக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் தடவி முடித்துவிட்டுத் தள்ளிப் போய் மூச்சு வாங்குவாள். ஆனால் நன்றாகப் பார்த்துத்தான் தடவினாள்.

வாரக் கடைசியில் கிரீம்காரன் பொறுமையில்லாமல் கேட்டான். "சொல்லு. எந்தத் தண்ணி?"

அவள் முதலில் அண்ணன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். புருஷன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு இடது பக்கம் மோசம்" என்றாள். "வலது பக்கம் ஒண்ணுமே இல்ல."

"பாத்தியா மச்சான், வெந்நி" என்றான் கிரீம்காரன்.

"உங்களுக்கும் இடது பக்கம்தான் மோசம். அது பச்சத்தண்ணி."

மச்சான் கண்ணாடியை எடுத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப தண்ணியில இல்ல" என்றாள் அவள். "எனக்கும் நாலு நாளா ஒரே கொழப்பம். இப்ப பாருங்க." பஞ்சுக்குச்சியை வைத்துவிட்டு அவன் எதிரில் நேராக நின்றாள். வலதுகையை நீட்டினாள். கை தானாகவே அவன் இடது கன்னத்துக்குப் போய் நின்றது. "உங்க முன்னாடி நிக்கிறப்ப என் கை இங்கதான் வருது. வலது கன்னத்துக்குப் போடணும்னா நான் சுத்திக்கிட்டு வர வேண்டியிருக்கு. உங்களுக்குத் தாடையில இருந்து மேல இருக்கு, அப்புறம் மோவாய்க்கு அடியில இருக்கு. மூக்குக்கிட்ட இல்ல, ஒதட்டுக்கு மேல இல்ல. சவரத்தால வந்திருந்தா அங்கயும் வரணும்ல? யாரோ எதிர்ல நின்னு தடவி விட்ட மாதிரி இருக்கு."

மச்சான் மெதுவாகத் தன் கையை எடுத்து, விரல்களின் முதுகைத் தாடையில் வைத்து மேலே இழுத்துப் பார்த்தார். கிரீம்காரன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிளாஸ்திரி" என்றான்.

வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கறுத்த ஓரம், அந்த ஈரம், தினம் காலையில் ஒரு ஆள் விடாமல். அவன் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். எரிய எரியக் கழுவினான். போதும் என்று மனைவி வந்து குழாயை மூட வேண்டியிருந்தது.

மறுநாள் வரிசையில் இஸ்திரி கையை நீட்டியபோது கிரீம்காரன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"கண்ணால பாருங்க சார்."

"கண்ணால பாத்தா தெரியாதுப்பா. வா."

"சார், அந்தப் பிளாஸ்திரிய ஒரு தடவ எடுத்துக் காட்டுங்க."

இஸ்திரி சிரிக்கப் பார்த்தார். "என்ன, என்னையே நீ செக் பண்றியா?"

"எங்க எல்லாருக்கும் ஒரே பக்கம் வந்திருக்கு சார்" என்றார் மச்சான் பின்னாலிருந்து. சத்தம் போடாமல்தான் சொன்னார். "எல்லாரும் கொஞ்சம் இடது பக்கத்தக் காட்டுங்கப்பா."

வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் முதல் முறையாக நேராகப் பார்த்தார்கள். காவலாளி, சர்க்கரை மூட்டை தூக்குகிறவர், வண்டிக்காரர். எல்லாம் இடது பக்கம். யாரோ ஒருவர் காறித் துப்பினார்.

இஸ்திரி கையைப் பின்னால் கொண்டுபோனார். இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்கவும் முடியவில்லை. பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். அது தோலோடு ஊறிப்போயிருந்தது, இழுக்க இழுக்க நூல்நூலாக வந்தது. முதலில் வந்தது நாற்றம். பூச்சாடியில் பல நாள் மாற்றாத தண்ணீர் மாதிரி, அதோடு ஒரு இனிப்பு. விரல்நுனி வெளுத்து ஊறி வீங்கியிருந்தது. நகச்சுத்து. அவர் ஆசையாக வளர்த்த நகம் அடியில் பச்சை பிடித்து, சீழ்மேல் மிதந்துகொண்டிருந்தது. லேசாகத் தொட்டிருந்தால் கழன்று விழுந்திருக்கும்.

வரிசை பின்னால் நகர்ந்தது. இஸ்திரியே அதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிரீம்காரனுக்கு அந்த நேரத்தில் கன்னம் ஞாபகம் இல்லை. முந்தின நாளே அடித்து வைத்த கிரீம் ஞாபகம் வந்தது. இஸ்திரி அதை அந்த விரலாலேயே ருசி பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்திருந்தார். நேற்றும் பார்த்தார். முந்தாநாளும் பார்த்தார். போன வாரம் வேலை நெருக்கடி, ஒரு நாள்கூட வழித்துப் போடவில்லை. போன வாரம்தான் மகளுக்கென்று இரண்டு பன் எடுத்துப் போயிருந்தான். அவள் பன்னைத் திறந்து முதலில் கிரீமை நாக்கால் நக்கி நக்கித் தின்றுவிட்டு, வெறும் பன்னைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

"இந்த விரலத்தான சார் கிரீம்ல விட்டீங்க" என்று கேட்டான்.

இஸ்திரி அந்தக் கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். பன் கட்டும் பெண்களில் ஒருத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தினம் மிச்சக் கிரீமை வழித்துத் தின்பவள்.

கிரீம்காரன் உள்ளே போனான். சக்கரம் வைத்த தொட்டியைத் தள்ளிக்கொண்டு பின்பக்கச் சாக்கடைக்குப் போனான். தனியாகக் கவிழ்க்க முடியாத கனம். மச்சான் வந்து மறுபக்கம் பிடித்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்த்தார்கள். கிரீம் சரிந்து, மெத்தென்று சாக்கடையில் இறங்கி, ஓடாமல் அப்படியே மேடாக உட்கார்ந்துகொண்டது. கறுப்புத் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஈக்கள் வந்துவிட்டன.

முதலாளி வந்தபோது அந்த மேடு இன்னும் கரையவில்லை. முதலில் கத்த வாயெடுத்தார். விரலைக் காட்டினார்கள். பார்த்ததும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"சரி" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. "நீ உடனே டாக்டர்கிட்ட போ. மத்தவங்களும் போங்க, செலவு என்னோடது. ஆனா இது இந்த வாசலத் தாண்டக் கூடாது. புரியுதா?" கிரீம்காரன் பக்கம் திரும்பினார். "நீ தொட்டியக் கழுவிட்டுப் புதுசா அடி. கடைக்கு மதியம் கொடுத்துக்கலாம்."

"நேத்து போன பன்னெல்லாம் முதலாளி?"

"அதெல்லாம் இந்நேரம் ஜீரணமாயிருக்கும்."

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அதுதான் கிரீம்காரனுக்குத் தாங்கவில்லை. ஒரு முடிக்காக எல்லார் மீசையையும் எடுக்கச் சொன்ன மனுஷன், இதைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். முடி கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நான் இனிமே கிரீம் தொட மாட்டேன் முதலாளி" என்றான். "அடுப்புப் பக்கம் போறேன். இல்லன்னா வேற இடம் பாத்துக்கறேன்."

முதலாளி மச்சானைப் பார்த்தார். "வரட்டும்" என்றார் மச்சான். "எனக்கும் ஒரு கை வேணும்."

டாக்டர் ஒவ்வொருவர் முகத்தையும் உறைபோட்ட கையால் திருப்பிப் பார்த்து மாத்திரை எழுதினார். ஆறும் வரை சவரம் கூடாது என்றார். கிரீம்காரன் விடவில்லை.

"டாக்டர், சவரத்துக்கு எந்தத் தண்ணி நல்லது? வெந்நியா, பச்சத்தண்ணியா?"

"சுத்தமான தண்ணியா இருந்தா சரி. வெதுவெதுப்பா இருந்தா முடி கொஞ்சம் மெதுவாகும். முடிச்சப்புறம் பச்சத்தண்ணியில கழுவிக்கோங்க. ரேஸர மட்டும் யாருக்கும் கொடுக்காதீங்க."

வெளியே வந்ததும் மச்சான் சொன்னார். "கேட்டுக்கிட்டியா? வெதுவெதுப்பா."

"பச்சத்தண்ணியிலன்னும் சொன்னாரு மச்சான். கடைசியாச் சொன்னது அதுதான்."

வீட்டில் மனைவி மகளின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம். ஒன்றும் இல்லை. மறுநாளும் பார்த்தாள், அதற்கடுத்த நாளும். குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. கிரீம்காரன் மட்டும் மகள் சிரிக்கும்போதெல்லாம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை வீட்டில் எத்தனை வாய் என்று மனசு கணக்குப் போடப் போகும். அதை நிறுத்துவதற்கு எழுந்து வேறு வேலை பார்ப்பான்.

முகங்கள் ஆறின. இடது பக்கத்தில் மட்டும் அம்மை போட்ட மாதிரி சின்னச்சின்னக் குழிகள் தங்கிவிட்டன. தடவிப் பார்க்கும் வழக்கம் நின்றது. வாசலில் ஒரு கண்ணாடி மாட்டி, அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கிரீம் அடிக்க வேறு ஆள் வந்தான். கிரீம்காரன் அடுப்பருகில் மச்சானோடு தட்டுகளை இழுத்தான், தள்ளினான். பெயர் மட்டும் மாறவில்லை. அடுப்பில் நின்றாலும் அவன் கிரீம்காரன்தான்.

இஸ்திரிக்கு நகத்தை எடுத்துவிட்டார்கள். கட்டோடு கொஞ்ச நாள் வந்தார். பிறகு கட்டும் போயிற்று. சட்டை மடிப்பு அப்படியே இருந்தது. ஆனால் கூடத்துக்குள் வந்தால் எல்லோரும் ஒரு கை தள்ளியே நின்று பேசினார்கள். அவர் தொட்ட கதவுக் கைப்பிடியைப் பெண்கள் முழங்கையால் தள்ளினார்கள். அவர் டீ டம்ளர் தனியாக வைக்கப்பட்டது. அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை.

ஒரு நாள் சூடு தணிந்த நேரத்தில் கிரீம்காரன் அடுப்பறை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இஸ்திரி வந்து பக்கத்தில் நின்றார்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"உன் மச்சான் சொன்னாரு, புள்ளைக்குப் பன் எடுத்துட்டுப் போனியாம்." குரல் இறங்கியது. "எனக்குத் தெரியாதுப்பா. வெறும் காயம்னுதான் நெனச்சேன். டாக்டருகிட்ட போனா நகத்த எடுக்கச் சொல்லுவாங்கன்னு போகல. இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது."

"தெரியும் சார். விடுங்க."

"இப்ப ஆறிருச்சு. பாரு."

விரலைக் காட்டினார். நகம் இல்லாத நுனி பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி மழமழவென்று இருந்தது. உண்மையிலேயே ஆறியிருந்தது. கிரீம்காரன் பார்த்துத் தலையாட்டினான். மனசுக்குள் பாவமாகத்தான் இருந்தது. வயசில் பெரியவர், தனியாக நின்று டீ குடிக்கிறவர், குழந்தையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார்.

"நல்லது" என்று சொல்லிக்கொண்டே இஸ்திரி அவன் தோளில் கையை வைத்து லேசாகத் தட்டினார்.

கிரீம்காரன் நகரவில்லை. நகரக் கூடாது என்று அவனுக்கே அவன் சொல்லிக்கொண்டான். கை எடுக்கப்படும் வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். இஸ்திரி திரும்பி நாலு அடி நடந்து, ஏதோ சொல்ல மறந்தவர் போலத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் கிரீம்காரனுக்குத் தெரிந்தது, கழுத்தில் கிடந்த துண்டின் நுனியால் அவன் தன் தோளை அழுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறான் என்று. எப்போது துண்டை எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நிறுத்த நினைத்தான், கை நிற்கவில்லை, இன்னொரு தடவை துடைத்துவிட்டுத்தான் நின்றது.

இஸ்திரி சட்டைக் கையை இழுத்துச் சரி செய்துகொண்டு, மாவு மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கமாகப் போனார்.

"மாப்பிள்ள, உள்ள வா" என்று அடுப்பிலிருந்து மச்சான் கூப்பிட்டார். "அடித்தட்டு கருகுது."

அவன் மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தான்.